எட்டு விளக்கோடு நின்றவர்

தக்காஓக்கா ஓட்டுநர் பள்ளியில் இசுருகி யாசுநோரியிடம் கார் பழகியவர்கள் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். ஒன்று, வளைவில் வண்டியை மெதுவாக்குவது. இன்னொன்று, ‘ஒன்பது விளக்குகள்’ என்கிற பழைய வீடியோ கேமின் சகல விவரமும். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடவா முடியும்?

யாசுநோரிக்கு நாற்பத்தேழு வயது. பதினாலு வயதில் அந்த கேமை ஆட ஆரம்பித்தவர். சாம்பல் நிறக் கடலில் ஒரு பையன் தீவு தீவாகப் போய் ஒன்பது விளக்குகளை ஏற்ற வேண்டும். பையனுக்கு நாமே பெயர் வைத்துக்கொள்ளலாம். அவர் யாசுநோரி என்றே வைத்திருந்தார்.

போன வசந்தத்தில் அது பன்னிரண்டு வார அனிமே தொடராக டிவியில் வந்தது, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு. முதல் வாரமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ரிக்குவாம் பேரு! யாரு இவன்?”

“கதாநாயகன்னா ஒரு பேரு வேணாமா?” என்றாள் மனைவி கியோமி. சூப்பர் மார்க்கெட்டில் கொரோக்கே என்கிற உருளைக்கிழங்கு வடை பொரிக்கிறவள். மீந்த நாலைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கேமை அவள் தொட்டதே இல்லை.

“பேருதான் இருக்கே, யாசுநோரின்னு. அதுவும் என்ன பேச்சு பேசுறான் பாரு! கேம்ல அவன் வாயே தொறக்க மாட்டான்.”

“இப்பவும் அவன் பேசுறது எனக்கு எங்க கேக்குது? நீங்கதானே பேசிட்டிருக்கீங்க.”

வாராவாரம் குறை சேர்ந்துகொண்டே போனது. மூன்று தீவுகளை ஒரே வாரத்தில் திணித்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் செய்த கடல் பாம்பு வெந்த உடோன் நூடுல்ஸ் மாதிரி வழவழவென்று இருந்தது. ஆறாவது வாரம்தான் பொறுக்க முடியவில்லை. கேமில் ‘காத்து மாறுது, ஏறு’ என்று இரண்டே வரி பேசுகிற படகுக்காரருக்கு ஒரு முழு வாரத்தையே கொடுத்துவிட்டார்கள். அவர் மனைவி இறந்துபோகிறாள். அன்றிலிருந்து படகு முனையில் தொங்கும் விளக்கை அவர் ஏற்றுவதே இல்லை. கியோமி ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இழுவை,” என்றார் யாசுநோரி. “சரக்கு இல்லாம இடத்த நிரப்புறானுங்க.”

ஆனால் கடலை மட்டும் குறை சொல்ல வாய் வரவில்லை. கேமில் மூன்று சாம்பல் கட்டங்களாக அவர் பார்த்த அலை, இங்கே மூச்சு விட்டது. பழைய மெட்டை நிஜ வயலின்களில் வாசித்தபோது, சுவரில் என்னவோ தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமைகளில் இந்த விமர்சனம் முழுவதும் காருக்குள் வந்துவிடும். அப்போது அவரிடம் பழகிக்கொண்டிருந்தவள் ஹொரிதா சயோகோ. மீன்கடைக்காரி, நாற்பது வயது. எல்லாவற்றுக்கும் “அப்படியா சார்” என்று மட்டும் சொல்வாள்.

பதினொன்றாம் வாரம் தொடரில் எட்டாவது விளக்கு எரிந்தது. கடைசி ஞாயிறு, ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் யாசுநோரி வாளியை எடுத்துக்கொண்டு கார் கழுவப் போனார்.

“மழையில கார் கழுவுறவர இன்னிக்குத்தான் பாக்குறேன்,” என்றாள் கியோமி. அவர் புலம்பாமல் தனியாகப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பதிவு செய்துவிட்டு டிவியை அணைத்துவிட்டாள்.

மறுநாள் பெரிய சாலையில் சயோகோ உற்சாகமாக ஆரம்பித்தாள். “நேத்து பாத்தீங்களா சார்? அந்த ஒன்பதாவது விளக்கு...”

பயிற்சி கொடுப்பவர் பக்கம் ஒரு பிரேக் உண்டு. யாசுநோரியின் கால் அதில் இறங்கியது. கார் நடுரோட்டில் நின்றது. பின்னால் ஹாரன் கத்தியது.

“சொல்லிடாதீங்க!”

“ஏன் சார்?”

“நான்... இன்னும் முடிக்கல.”

“தொடரையா?”

“கேமை.”

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன்களும் முடித்துவிட்டேன் என்றார்கள். அவரும் தலையாட்டி வைத்தார். அன்று ஆட்டிய தலையை நிறுத்த முடியவில்லை.

“அப்ப முப்பத்து மூணு வருஷமா எட்டுலயேவா நிக்கிறீங்க? நான் பன்னண்டு வயசுலயே முடிச்சிட்டேனே சார்!”

“வண்டிய எடுங்க,” என்றார் யாசுநோரி.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். கியோமி சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அங்கே சிரித்துவிட்டு வந்தாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய கேம் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

“ஆடுங்க. முடிச்சதும் சேந்து பாக்கலாம்.”

மூன்று ஞாயிறு போனது. ஒன்பதாவது விளக்கைத் தேடி யாசுநோரி கேமின் மூடுபனிக் கடலில் படகில் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்தில் கியோமி கொரோக்கே தின்றுகொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்தப் படகுக்காரரோட விளக்க ஏத்த முடியாதா?”

“அது சும்மா அலங்காரத்துக்குத் தொங்குது.”

“பொண்டாட்டி போனதுலேர்ந்து ஏத்தலன்னு அவரு அழுதாரே?”

“அது தொடர்ல சேத்த இழுவ...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். பையனை அந்த விளக்குப் பக்கம் திருப்பி, பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது. அதுதான் ஒன்பதாவது. மூடுபனி மெல்ல விலகி, கரை தெரிந்தது.

கியோமி ஒரு கொரோக்கேயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

பிறகு கடைசி வாரத்தைப் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் யாசுநோரி தொண்டையைச் செருமினார். “கடைசி விளக்க அஞ்சே நிமிஷத்துல ஏத்திட்டான். இவ்வளவு அவசரம் ஆகாது.”

“அப்ப முப்பத்து மூணு வருஷம் ஓட்டச் சொல்றீங்களா?”

மறுநாள் காரில் ஏறியதுமே, “முடிச்சாச்சு,” என்றார் சயோகோவிடம்.

“அட! எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

யாசுநோரி நேராகச் சாலையைப் பார்த்தார். “இடது பக்கக் கண்ணாடியப் பாருங்க. சைக்கிள் வருது.”

சைக்கிள் எதுவும் வரவில்லை.