விளம்பர இடைவேளையில் ஒரு தீர்ப்பு

தெய்வாத்தாளுக்கு ஏழரை மணி நாடகம் கோயில் பூசை மாதிரி. ஏழே காலுக்கே அடுப்பை அணைத்துவிடுவாள். அங்கப்பனுக்குத் தட்டில் அரிசிம்பருப்புச் சாதத்தைப் போட்டு, நெய்யை ஊற்றி, சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டால் அப்புறம் எட்டு மணி வரை புருசனோடு பேச்சுவார்த்தை கிடையாது. ரசம் வேண்டுமென்றால் விளம்பரம் வரும் வரை அவர் பொறுக்க வேண்டும். மதுக்கரையில் சிமெண்ட் ஆலைச் சங்குக்குக் கட்டுப்பட்டே காலம் தள்ளி ஓய்வு பெற்ற மனிதர். "அந்தச் சங்கே தேவலாம்" என்று முணுமுணுத்துவிட்டுச் சாப்பிடுவார்.

பார்ப்பதோடு விடுகிறவளா அவள்? திரையில் வருகிற அத்தனை பேருக்கும் தீர்ப்பு வைத்திருப்பாள். தூங்கும்போதும் அட்டிகையைக் கழற்றாத மருமகளைப் பார்த்து, "கழுத்து என்னத்துக்காகறது?" என்பாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடக்கிற மாமனாருக்குத் தலைச்சாயம் கலையாததைக் கண்டுபிடித்துச் சிரிப்பாள். செய்திச் சேனல் பக்கமே போகமாட்டாள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவதற்குத் தன் வீட்டுக் கரண்டு எதற்கு என்பது அவள் கேள்வி.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளிடம் இரக்கமே கிடையாது. கோபித்துக்கொண்டு புருசன் வீட்டை விட்டு வருகிற பெண் நாடகத்தில் வந்தாலும் அவளுக்கு ஆகாது. போன வருசம் ஒரு நாடகத்தில் கதாநாயகி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். அன்றோடு அந்த நாடகத்தையே நிறுத்திவிட்டாள். "ஊட்டை உட்டு வந்தவளுக்கெல்லாம் நான் எதுக்குக் கண்ணீர் உடோணும்?" என்று பக்கத்து வீட்டு ராமாமணியிடம் நியாயம் வேறு பேசினாள்.

இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருந்தவள் அவளுடைய ஒரே மகள் லோகப்பிரியா. நாலு வருசத்துக்கு முன்னால் கொடுமுடியில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அருண்குமார் பைப்புக் கடை வைத்திருக்கிறான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம் இது. அம்மாவும் மகளும் அவரவர் வீட்டில் ஒரே நாடகத்தைப் பார்ப்பார்கள். முதல் விளம்பரம் போட்டதும் லோகப்பிரியா கூப்பிடுவாள். விளம்பரம் முடியும் வரை பேச்சு, மறுபடி நாடகம் ஆரம்பித்தால் போனை வைத்துவிட வேண்டும். அதில் மகள் பேசுவது கால்வாசி, அம்மாவின் தீர்ப்பு முக்கால்வாசி. லோகப்பிரியா வாயில்லாப் பூச்சி. "அவங்களுக்கு நான் போன் பேசுனா புடிக்கறதில்லீங்கம்மா" என்று ஒரு தடவை புருசனைப் பற்றிச் சொன்னாள். "அப்ப எச்சாப் பேசாத கண்ணு" என்று சொல்லிவிட்டு, தெய்வாத்தாள் அதை மறந்தும் போனாள்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பெருங்காற்றோடு மழை பிடித்தது. மதுக்கரை முழுக்கக் கரண்டு போய்விட்டது. நேற்றுத்தான் தாமிரா என்கிற கதாநாயகியின் மேல் மாமியார் நகைத் திருட்டுப் பழி போட்டிருந்தாள். இன்றைக்கு என்ன ஆகுமோ என்று தெய்வாத்தாள் மெழுகுவர்த்தி முன்னால் பொருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கமான நேரத்துக்குப் போன் அடித்தது.

"கண்ணு, இங்க கரண்டு இல்ல. என்னாச்சு இன்னிக்கு, கதையைச் சொல்லு."

மகளின் குரலுக்கு முன்னால் ஏதோ பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"இன்னிக்குங்களாம்மா... இன்னிக்கு அவளை அவ ஊட்டுக்காரரு அடிச்சுப்போட்டாருங்க."

"யாரு, தாமிராவையா? எதுக்காமா?"

"கொழம்புல உப்பு எச்சாப் போச்சுன்னுங்க. முன்னாடியும் அடிச்சிருக்கறாருங்களாமா. இன்னிக்குக் கையை முறுக்கிப்போட்டாரு. அவ பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்கம்மா. அம்மா ஊட்டுக்குப் போலாமா வேண்டாமான்னு நின்னுட்டிருக்கறா."

தெய்வாத்தாளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இவளும் அப்படித்தானா? போகக்கூடாது கண்ணு. ஒரு அடி பட்டதும் ஓடி வந்துட்டா நாளைக்கு வாழாவெட்டின்னு பேராகிப் போகும். அடிக்கிற கைதான் அணைக்கும். போனாலும் அவங்கம்மா கதவைத் தொறக்கக்கூடாது. நாலு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்போணும். அவதான் நல்ல அம்மா."

"சரிங்கம்மா."

"அப்பறம் என்னாச்சு? திரும்பிப் போயிட்டாளா?"

"போயிருவாங்கம்மா" என்றாள் லோகப்பிரியா. "விளம்பரம் முடிஞ்சுதுங்க, வச்சறட்டுங்களா?"

மறுநாள் மதியம் அதே நாடகத்தை மறுபடி போட்டார்கள். தாமிரா அடிவாங்கும் காட்சி எப்போது வரும் என்று தெய்வாத்தாள் கொட்டக் கொட்டப் பார்த்தாள். வரவே இல்லை. காணாமல் போன நகை பூசை அறையில் கிடைத்தது. தாமிராவின் புருசன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். குழம்பும் இல்லை, உப்பும் இல்லை, பையும் இல்லை. மதியம் போடும்போது வெட்டிவிட்டார்களோ என்று தோன்றியது. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற ராமாமணியிடம் ஓடினாள்.

"நேத்து ராத்திரி தாமிராவை அடிச்சாங்களாங்க?"

"அடிக்கறதா? இல்லீங்களே அக்கா. அந்தப் பையன் தங்கமாச்சுங்களே" என்றாள் ராமாமணி.

முந்தின ராத்திரி போனில் கேட்ட அந்த ஹாரன் சத்தம் இப்போதுதான் தெய்வாத்தாளின் காதில் விழுந்தது. வீட்டுக்குள் பஸ் ஹாரன் எப்படிக் கேட்கும்? தான் பெற்ற பிள்ளை நடுரோட்டில் நின்றுகொண்டு, வரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வராதே, கதவைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியாயிற்று. போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அன்றைக்கு ஏழரை நாடகத்தில் விளம்பரம் வந்தது, போனது. போன் வரவில்லை.

அங்கப்பனிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை. "நாடகத்தைப் பாத்துப் பாத்து உனக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சு. மாப்பிள்ளை எப்பேர்ப்பட்ட மரியாதைக்காரரு. எடுத்தெறிஞ்சு ஒரு வார்த்தை பேசியிருப்பாரா?"

"பேசமாட்டாருங்க. அதான் பயமா இருக்குது."

விடிந்ததும் அவள் மட்டும் கிளம்பினாள். "போன எடத்துல வில்லங்கம் ஒண்ணும் பண்ணிப்போடாத" என்று அங்கப்பன் வாசலில் நின்று சொன்னார். ஈரோட்டுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொடுமுடிக்கு ஒரு பஸ். கொடுமுடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். மழை பெய்த அந்த ராத்திரியில் இங்கே எந்த மூலையில் நின்றாளோ என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சம்பந்தியம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். "வாங்க, வாங்க. என்னங்க இது, சொல்லாம கொள்ளாம. ஒரு போன் பண்ணியிருந்தா தம்பி வந்து கூட்டிட்டு வந்திருக்குமுங்களே." உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அருண்குமார் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்திருந்தான். அவனும் எழுந்து நின்று, "வாங்க அத்தை, மாமா நல்லா இருக்கறாருங்களா?" என்று கேட்டான். குரலில் ஒரு குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் இது ஒரு கஷ்டம். கையை முறுக்குகிறவனும் வாங்க போங்க என்றுதான் பேசுவான். அதை வைத்து ஆளை எடை போட்டுப் பெண்ணைக் கொடுத்துவிடுகிறோம்.

"ஒறம்பரை வந்தவங்களைச் சும்மா உக்கார வைக்கறதுங்களா? உங்களுக்கு நாடகம்னா உசுராமே, லோகு சொல்லும்" என்று சம்பந்தியம்மா டிவியைப் போட்டுவிட்டாள். தாமிரா வந்து நின்றாள். தெய்வாத்தாள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

லோகப்பிரியா இடது கையாலேயே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அந்தக் கையில் மட்டும் வளையல் இல்லை.

"கண்ணு, நீ சொன்னது நாடகத்துல வரல."

மகள் திரும்பவில்லை. எண்ணெயில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டுத்தான பேசுன?"

"ஆமாங்கம்மா. ஈரோட்டு பஸ்ஸு நின்னுட்டிருந்துச்சுங்க." அதில் கோபம் இல்லை, குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை. "நீங்க சொன்னதுக்கு அப்பறம் திரும்பி வந்துட்டனுங்க. வந்தப்ப மறுக்கா முறுக்குனதுலதான் இந்தக் கை எச்சா வீங்கிப் போச்சு. இப்பப் பரவால்லீங்க. நீங்க வெயிலோட கிளம்பிருங்கம்மா, ஏழரைக்குள்ள ஊட்டுக்குப் போயிரலாம்."

அந்தப் பிள்ளை குத்திக் காட்டிச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நாடகம் தவறிவிடக்கூடாதே என்ற அக்கறையில்தான் சொன்னாள். இதற்குப் பதில் தன்னை நாலு அறை அறைந்திருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

தெய்வாத்தாள் கூடத்துக்கு வந்தாள். "அந்த டிவியை அமத்துங்க" என்றாள்.

அருண்குமார் ரிமோட்டை எடுத்து அணைத்தான்.

"எம் புள்ளையைக் கூட்டிட்டுப் போறனுங்க."

"எதுக்குங்க அத்தை? என்ன சொல்லுச்சு அது?"

"அது ஒண்ணும் சொல்லல. கையைப் பாத்தேன்."

சம்பந்தியம்மா பதறாமல் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். "சின்னஞ்சிறுசுகளுக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க அம்மணி. நமக்குத் தெரியாததா? அடிக்கிற கைதானுங்க அணைக்கும்."

தன் வாயிலிருந்து போன சொல் அட்சரம் பிசகாமல் இன்னொரு வாயிலிருந்து திரும்பி வந்தது. தெய்வாத்தாளுக்கு வெட்கமாக இருந்தது. "நானும் அப்படித்தானுங்க சொல்லிட்டுத் திரிஞ்சேன். அடி வாங்குனது என் கை இல்லீங்களே."

"அத்தை நெறைய நாடகம் பாக்கறீங்க" என்றான் அருண்குமார், சிரித்துக்கொண்டே. "இன்னிக்குக் கூட்டிட்டுப் போவீங்க. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க. மாமா என்னங்க சொல்லுவாரு?"

அவர் என்ன சொல்லுவார் என்று தெய்வாத்தாளுக்குத் தெரியும். வாசலிலேயே நிற்க வைத்து, முகத்தை இறுக்கிக்கொண்டு, சமாதானம் பண்ணித் திருப்பி அனுப்பு என்பார். ராமாமணி கேட்பாள். சொந்தபந்தம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையானால் வந்து உட்கார்ந்து புத்தி சொல்லும். சோபாவில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு என்ன வேணும்னாலும் சொல்லட்டும். எம் புள்ள வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கமாட்டனுங்க."

சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றது. லோகப்பிரியா வந்து, புருசன் முகத்தைப் பார்க்காமல் கூடத்தைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனாள். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் அவள் கதவருகே வந்து நின்றாள். மடித்த சேலை ஒன்று கையில் இருந்தது.

"அம்மா, எத்தனை நாளைக்குங்க துணி எடுக்கோணும்?"

"அத்தனையும் எடு கண்ணு" என்றாள் தெய்வாத்தாள்.