அடிபட்ட இடம்

எங்கள் மாமனார் வேலைக்குப் போன காலம் முழுக்கக் கார்ப் பட்டறையில் டிங்கர். மோதி நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்து நிறுத்துவார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, "எங்க அடிபட்டுச்சுன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். யாரும் கண்டுபிடித்ததில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கர்வம்தான் கடைசியில் எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் மாமா சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. சுவரில் படம் கோணலாகத் தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. மாடிப்படியோ பழைய மரப்படி. ஏறினால் முனகும். கைப்பிடியைப் பிடித்தால் அது நம்மைத் தாங்காது, நாம்தான் அதைத் தாங்க வேண்டும். ஒருநாள் காலையில் உப்புத்தாளும் கையுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அத்தைக்காகத்தாம்மா. கண்ணு சரியில்லாதவ, ஆடுற கைப்பிடியப் புடிச்சுட்டு எறங்குறா" என்றார்.

அத்தைக்குப் பார்வை ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டே வந்தது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு போயிருக்கிறது என்பதை மட்டும் அத்தை யாரிடமும் சொல்லவில்லை. காரணம் மாடி அறை. அவருடைய தையல் மெஷின், ரேடியோ, வெயில் விழும் ஜன்னல் எல்லாம் அங்கேதான். பித்தான், விளிம்பு எல்லாம் விரலாலேயே தடவித் தைத்துவிடுவார். என் கணவர் ஏற்கனவே, "அம்மா இனிமே கீழயே இருக்கட்டும்" என்று ஆரம்பித்திருந்தார். உண்மையைச் சொன்னால் அறை போய்விடும்.

எங்கள் படி பாதியில் திரும்பும். திருப்பத்தில் படிகள் சுவர்ப்பக்கம் அகலம், கைப்பிடிப்பக்கம் குறுகல். காலைச் சுவரோரம் தள்ளி வைக்காவிட்டால் ஆள் கீழேதான். அதற்குச் சற்று முன்னால் கைப்பிடியில் ஒரு பள்ளம் இருந்தது. எப்போதோ பீரோ ஏற்றியபோது அதன் மூலை இடித்துப் பெயர்த்த இடம். கட்டைவிரல் அதில் கச்சிதமாக உட்காரும். அத்தையின் விரல் அதில் விழுந்ததும் கால் தானாகச் சுவரோரம் போகும். படியை எண்ணிக்கொண்டு இறங்கலாமே என்பீர்கள். எங்கள் அத்தை வாயை மூடிக்கொண்டு படி இறங்கினால்தானே எண்ணுவதற்கு! இதெல்லாம் பிறகு அத்தையே சொன்னது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, அவர் தடுமாறாமல் இறங்குகிறார் என்பது மட்டும்தான்.

மாமா வேலையை நன்றாகத்தான் செய்தார். ஆடிய கட்டைகளைக் கழற்றிப் பசை வைத்து இறுக்கினார். முனகிய படிகளுக்கு அடியில் ஆப்பு அடித்தார். ஒன்றுவிட்டு ஒன்றாக வார்னிஷ் பூசி, காய்ந்த படிகளில் சாக்குத் துண்டு போட்டுவைத்தார், வீட்டார் அதில் மிதித்து ஏறி இறங்க. நான் ஈரத்தில் காலை வைத்து வசவு வாங்கினேன். சாக்கைக் காலால் தடவியே நடந்த அத்தை ஒருமுறைகூடத் தவறவில்லை.

"பாத்தியா? உன்னவிட அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது" என்று சிரித்தார் மாமா.

கைப்பிடியின் முறை வந்தபோது அத்தை படியருகே வந்து நின்றார்.

"அந்தப் பள்ளத்த மட்டும் விட்டுருங்களேன். இருந்துட்டுப் போகுது."

"அசிங்கமா இருக்குடி. இவ்வளவு வேல பாத்துட்டு, மூக்குல மரு மாதிரி அத விடச் சொல்றியா?"

அத்தை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வாய் ஓயாத மனுஷி பேச்சை விழுங்கியதை அன்றுதான் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை.

மரத்தூளைப் பசையில் குழைத்துப் பள்ளத்தில் திணித்தார் மாமா. காய்ந்ததும் தேய்த்தார், மறுபடி திணித்தார், மறுபடி தேய்த்தார். சாயம் கலந்து நிறத்தை ஒட்டவைத்து, மெல்லிய தூரிகையால் மரத்தின் ரேகையைக்கூட வரைந்தார். வார்னிஷ் ஏறியதும் கைப்பிடி மேலிருந்து கீழ்வரை வழவழவென்று கிடந்தது. ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தும் வாடை போகவில்லை. "வாடை அடங்கட்டும்" என்று சொல்லி அத்தை சாப்பாட்டைக்கூட மாடியிலேயே வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு மத்தியானம், பித்தான் தைத்த சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். பேசாமல் இறங்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கீழே மாமா தூரிகையைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தார். அத்தையின் கை கைப்பிடியில் வழுக்கி வந்து நின்றது. மேலே போனது. மறுபடி கீழே வந்தது.

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தேடு, தேடு! எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாப்போம்!"

அத்தை காலை வைத்தார்.

இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, கூடத்துக் கட்டிலில் படுத்த பிறகுதான் பள்ளத்தின் கதையைச் சொன்னார்.

"ஏண்டி சொல்லல?" என்றார் மாமா.

"சொன்னா என்னை மேல விட்டுருப்பீங்களா?"

மாமா நேராக உளியை எடுத்துக்கொண்டு படிக்குப் போனார். பள்ளம் எங்கே? டார்ச் அடித்துப் பார்த்தார், வார்னிஷைச் சுரண்டினார், நகத்தால் கீறினார். நான் ஓர் இடத்தைக் காட்டினேன், என் கணவர் வேறு இடத்தைக் காட்டினார். மாமா தலையில் அடித்துக்கொண்டார். விரற்கடை பிசகினாலும் கால் பிசகும். அத்தையோ நடக்கத் தொடங்கியதும் மேலே போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அதனால் மாமா தினமும் மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு படி இறங்கத் தொடங்கினார். கை தானாக அந்த இடத்தைக் காட்டும் என்று நம்பினார். அத்தை கட்டிலில் கிடந்தபடியே காலடிச் சத்தத்தைக் கேட்பார். "ஆப்பு அடிச்சு எல்லாப் படியையும் ஊமையாக்கிட்டீங்க. சரியாத் தெரியல. போதும், திருப்பம் வருது, நில்லுங்க!" என்று கத்துவார். மாமா நின்றுவிடுவார். எனக்கு அடுப்படியில் கை ஓடாது. என் கணவர் சண்டை போட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் வலி மாத்திரை போட்டு அத்தை தூங்கிவிட்டார். அடுப்படியில் இருந்த எனக்குக் காலடி கேட்டது. அத்தையின் குரல் கேட்கவில்லை.

"மாமா, கண்ணத் தொறங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அதற்குள் கால் குறுகலில் நழுவிவிட்டது. ஒரு முழங்கால் படியில் மோத, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு தொங்கினார். அவரே பசை வைத்து இறுக்கிய கைப்பிடி, அசையவில்லை. நான் ஏறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினேன். முழங்காலில் ரத்தம். வலது கை மட்டும் பிடித்த இடத்தைவிட்டு வரவில்லை.

"கைய எடுங்க மாமா."

"எடுக்க மாட்டேன். உளியக் கொண்டா."

கூடத்திலிருந்து அத்தையின் குரல் பதறியது. "என்ன சத்தம்? யாரு விழுந்தா?"

"யாரும் விழல" என்றார் மாமா. பிடித்த இடத்தில் கட்டைவிரலை இன்னும் அழுத்தினார். "கண்டுபிடிச்சுட்டேன்."