கதவு ஒரு கலர், பானெட் ஒரு கலர்

வாசலில் வைத்து நானே அரக்கு நிறப் பெயிண்ட் அடித்த பழைய கான்டெஸா காரை, எதிர்வீட்டில் பட்டுநூலுக்குச் சாயம் போடும் அண்ணன் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். கீறிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகம்.

இன்று காலை காருக்குள் படுத்து, தரையில் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டிக்கொண்டிருந்தேன். நான் இருப்பது தெரியாமல் வந்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எதையோ எடுத்துக் கதவில் வைத்தார்.

தலையை நீட்டினேன். "இன்னாண்ணே பண்றீங்க?"

அவர் கையில் அரக்குப் பட்டுநூல்.

"கல்யாணப் பொண்ணு ஒண்ணு உன் கார் கலர்லயே பொடவ கேக்குதுப்பா. கதவுக்கு சேந்தா பானெட்டுக்கு சேர மாட்டேங்குது. பெயிண்ட ரெண்டு தபா கலக்குனியா?"

கலக்கினேன். முதல் டப்பா போதவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை.

எனக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிகிறது. இந்தப் பக்கம் வருபவர்கள் வெயிலில் பார்த்துச் சொல்லுங்கள்.

சாயம் போடுபவர்கள் மட்டும் வர வேண்டாம்.