‘ம்’ போட்ட மாப்பிள்ளை

நிச்சயம் முடிந்த பிறகு அவரிடமிருந்து எனக்கு வந்த மெசேஜ்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் ‘ம்’. ‘அங்கே மழையா?’ என்றால் ‘ம்’. ‘பூண்டு எடுத்தாச்சா? அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?’ என்று இரண்டு கேள்வி போட்டால், பொழுது சாயும் நேரத்தில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ம்’. அது எந்தக் கேள்விக்கு உரியது என்று நான்தான் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு ஆயக்குடியில் கொய்யாக்காய் கமிஷன் கடை. படிப்பை முடித்ததிலிருந்து அப்பாவோடு கடையில் நிற்பவள் நான். விடிவதற்குள் கூடை கூடையாகக் காய் வந்து இறங்கிவிடும். மேலே நல்ல காயை அடுக்கி, அடியில் வெம்பலை ஒளித்துக் கொண்டுவருகிறவர்களை வாயாலேயே விரட்டுவது என் பொறுப்பு. என் வாய்க்குப் பயந்து, அப்பா கடையில் இருக்கும் நேரம் பார்த்து வருகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட எனக்குப் போய் இப்படி ஒரு மாப்பிள்ளை.

அவருக்கு ஊர் கிளாவரை. கொடைக்கானல் ஏறி, பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி, இதற்கு மேல் போக மாட்டேன் என்று பஸ் நின்றுவிடும் இடம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். தூரத்துச் சொந்தம் வழியாக வந்த சம்பந்தம். பெண் பார்க்க வந்த அன்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசிய பேச்சில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவே வழியில்லை. ஆள் பார்க்க நன்றாக இருந்தார். பஜ்ஜியைத் தின்று முடித்துவிட்டுத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்தார். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

மீதியைப் போனில் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். தெரிந்துகொண்டது இந்த ‘ம்’தான். போன் போட்டால் எப்போதும் தொடர்பு எல்லைக்கு வெளியே. ‘இங்க டவர் இல்ல’ என்று ஒரு தடவை எழுதினார். டவர் இல்லாத ஊரிலிருந்து ‘ம்’ மட்டும் எப்படி வருகிறதாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நறுக்கென்று கேட்டிருப்பேன், மதினி விடவில்லை. அண்ணன் மனைவி என்றாலும் எனக்குக் கூட்டாளி மாதிரி. நான் ஆத்திரத்தில் அடிக்கிற மெசேஜை அனுப்பும் முன்னால் பிடுங்கிப் பார்த்து அழித்துவிடுவாள். “தாலி ஏறுற வரைக்குமாச்சும் கொஞ்சம் பணிவா இரும்மா. உன் வாயைக் கேட்டா அந்த மனுசன் மலையை விட்டே எறங்க மாட்டாரு” என்பாள். அழித்த இடத்தில் ‘நேரத்துக்குச் சாப்பிடுங்க’, ‘குளிருக்குக் குல்லா போட்டுக்கோங்க’ என்று தேன் ஒழுக எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்புவாள். எனக்கே படிக்கக் கூச்சமாக இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டிய வாரம் வந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த ஆளுக்குத் திமிரா, என்னைப் பிடிக்கவில்லையா, வீட்டில் கட்டாயப்படுத்தித் தலையாட்ட வைத்துவிட்டார்களா? எதுவுமே இல்லை, சுபாவமே இதுதான் என்றால் அது இன்னும் மோசம். பேச்சு இல்லாத வீட்டில் என்னால் ஒரு பொழுது இருக்க முடியாது. இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா கோபப்படவில்லை. நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல், எதுவானாலும் பத்திரிகை அச்சேறும் முன் சொல்லிவிடு, அதற்குப் பிறகு என்றால் ஊரில் தலை காட்ட முடியாது என்றார். அச்சகத்துக்காரரிடம் ஒருநாள் தவணை சொல்லிவிட்டு, மறுநாளே அண்ணன் மதினியோடு என்னைக் கிளாவரைக்கு அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வழியில் மதினி என் போனை வாங்கி வழக்கமான குல்லா மெசேஜைத் தட்டிவிட்டாள். நாங்கள் போய்ச் சேரும்போது மதியம் திரும்பிவிட்டது. எங்களைக் கண்டதும் அத்தைக்கு, அவருடைய அம்மாவுக்கு, முகம் வெளுத்துவிட்டது. “தம்பி பாறைக்குப் போயிருக்கு. இந்நேரம் ஊரே அங்கதான் கெடக்கும்” என்று சொல்லிவிட்டு அவசரமாகக் காப்பி போட உள்ளே போனார். அண்ணன் காப்பிக்குக் காத்திருக்க, நானும் மதினியும் வழி கேட்டுக்கொண்டு ஏறினோம்.

ஊருக்கு மேலே பெரிய பாறை. போனுக்குச் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான் என்பது போன பிறகுதான் தெரிந்தது. ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஒரு கூட்டமே நின்றது. ஒருவர் வடுகபட்டி சந்தையில் பூண்டு விலை என்ன என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓர் அம்மா திருப்பூரில் இருக்கும் மகளிடம் மருமகனைப் பற்றிப் பொருமிக்கொண்டிருக்க, சம்பந்தமில்லாத ஒருவர் பக்கத்தில் நின்று அதற்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அவர். அவர் தோளுக்கு மேலே இரண்டு தலைகள் போனை எட்டிப் பார்த்தன.

ஆயக்குடிப் பிள்ளை இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று ஒரு பெரியவர் விசாரித்தார். குல்லா போடச் சொல்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் உரக்கப் படித்தார். பாறையே சிரித்தது. அவர் காது சிவந்துபோய் அவசரமாக எதையோ தட்டினார். என் கையிலிருந்த போன் டிங் என்றது.

எல்லாரும் திரும்பினார்கள். பார்த்தேன். ‘ம்’.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? ஒருத்தி வேலை மெனக்கெட்டு நாள் தவறாமக் கேக்குறா, ஒரு வரி எழுதக் கை வராதா? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லித் தொலைங்க, வெரசா நான் எங்கப்பாகிட்ட சொல்லணும்” என்று கொட்டித் தீர்த்தேன். மதினி தலையில் கை வைத்துக்கொண்டாள். பூண்டு விலை கேட்டவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகி, கீழே போய்ப் பேசலாம், இங்கே நின்று எதையும் எழுதவும் முடியாது, பேசவும் முடியாது, பார்க்கிறீர்கள்தானே என்றார்.

பாறையை விட்டு இறங்கியதும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கிழங்குக் காட்டில் இறங்கிய காட்டுமாட்டைப் பற்றி, தண்ணீருக்குச் சண்டை போடும் பக்கத்துத் தோட்டக்காரரைப் பற்றி, அத்தையின் முழங்காலைப் பற்றி, நான் கேட்டிருந்த ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் வந்தது. எல்லாம் அவர் மனதில் அப்படியே இருந்திருக்கிறது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டே நடந்தேன். திடீரென்று நின்றார்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கல்யாணம் வேணாம்னு நேத்துதான் அம்மாகிட்ட சொன்னேன்” என்றார்.

அத்தை முகம் ஏன் வெளுத்தது என்று அப்போது புரிந்தது.

“எனக்குப் பேசாம இருக்க முடியாதுங்க. எதுத்துப் பேசுறதுக்கும் ஆள் வேணும். உங்க மெசேஜெல்லாம் ஆஸ்பத்திரியில நர்சம்மா சொல்ற மாதிரியே இருந்துச்சு. இவ்வளவு அடக்கமான பிள்ளைய நான் பேசியே கொன்னுருவேன்னு பயந்துட்டேன்.”

அதெல்லாம் மதினி கைவரிசை என்றேன். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று பின்னாலிருந்து மதினி முனகினாள். நானும் வேண்டாம் என்றதை விழுங்கிக்கொண்டு, வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தான், அதனால் இப்போது சம்மதத்தை முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான் என்று அவரிடம் கறாராகச் சொன்னேன்.

“அந்த மெசேஜ் போட்ட பிள்ளையத்தான் வேணாம்னேன்” என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. போனில் பழகிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்திருந்தால், தலை தீபாவளிக்குள் இருவரும் கொட்டாவி விட்டே செத்திருப்பார்கள். நல்லவேளை, அவர்கள் எங்கேயும் இல்லை.

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு மறுபடியும் அந்தப் பாறைக்குத்தான் ஏற வேண்டியிருந்தது. ஒருவர்கூடக் கலையவில்லை, இன்னும் நாலு பேர் கூடியிருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்ததும் எல்லாரும் தத்தம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பத்திரிகையை அடிக்கக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்றேன். மறுமுனையில் அப்பா பெருமூச்சு விடுவது கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவருக்கு உன் வாயைப் பத்தித் தெரியுமாம்மா?” என்று கேட்டார். இத்தனை நாளாக அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது அதுதான் போலிருக்கிறது.

“தெரியும்ப்பா. இந்த ஊருக்கே தெரியும்” என்றேன்.