டீக்கடைக்குப் போன தேனீக்கள்

உமாதேவியின் தேனீக்கள் வேலைக்குப் போய்த் திரும்பாமல் போயின. நோய் இல்லை, தேன்பெட்டி வாசலில் ஒரு பிணம்கூட இல்லை. காலையில் புறப்பட்ட கூட்டத்தில் பாதிதான் சாயங்காலம் வந்து சேர்ந்தது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில், கல் நட்டு விற்காமல் கிடந்த மனைகளின் ஓரம், புங்கமரத்தடியில் அவளுடைய பெட்டிகள் இருந்தன. காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இளமை முழுக்க நின்று உழைத்தவளை, "காண்ட்ராக்ட் முடிஞ்சுது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய் அவளே அமைத்துக்கொண்ட பிழைப்பு இது. இதுவும் போனால் மறுபடி கம்பெனிக்கு ஆள் பிடிக்கும் ஏதோ ஓர் ஏஜெண்டின் வேனில் ஏற வேண்டும். அதற்கு அவள் தயாராக இல்லை.

நாத்தனார் காந்திமதி பெட்டிகளைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "கண்ணு பட்டுக்கீது உமா. அமாவாசைக்கு ஒரு பூசணிக்கா சுத்தி உடைச்சிடு."

"செத்தது எங்கன்னே தெரியல, அதுக்குள்ள பூசணிக்காயா? அத கொழம்பு வைங்க அண்ணி. நான் தேடிட்டு வரேன்."

"தேனீ பின்னால ஓடப் போறியா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும்."

தும்பை பூத்துக் கிடந்த மனைகளின் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை. எல்லாம் மெயின்ரோட்டை நோக்கியே பறந்தன. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை நின்று, அதே திசையில் நடந்தாள். அங்கே ஒரு கம்பெனியின் கேட்டுக்கு எதிரே டெனிசனின் டீக்கடை. அதன் பின்னால் பேப்பர் கப் குவியல். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் டீ மிச்சம், வெயிலில் பாகாகிக் கிடந்தது. கப்புக்குக் கப்பு தேனீக்கள் முழுகிக் கிடந்தன.

"முட்டாப் பசங்களா" என்றுதான் முதலில் வாயில் வந்தது. கூட்டாளி செத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்தது இறங்குகிறதே!

உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒரு தேனீ விளிம்பில் வழுக்காமல் நின்று, வயிறு முட்டக் குடித்துப் பறந்தது. அது பெட்டிக்குள் போய் ஆடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று ஆட்டத்திலேயே சொல்லும். தித்திப்பு கூடக் கூட ஆட்டமும் நீளும். நூறு பூவில் சேர்ப்பது இங்கே ஒரே கப்பில் கிடைக்கிறது. அதன் கணக்கில் பிழையில்லை. ஆனால் முழுகியது ஆடுவதில்லை. உயிரோடு திரும்பியது மட்டும் சேதி சொல்வதால், இந்த இடத்தைப் பற்றி ஒரு கெட்ட சேதிகூடப் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

உமாவுக்குத் தான் வேலைக்கு வந்த கதை நினைவுக்கு வந்தது. செய்யாறு பக்கத்தில் இருந்த அவள் ஊருக்கு, ஆள் சேர்க்க ஏஜெண்ட் கூட்டி வந்த பெண்ணின் கையில் புது ஃபோன் இருந்தது. கம்பெனிச் சம்பளத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் பிரஸ் மிஷினில் விரல் போனவளை எந்த ஏஜெண்டும் ஊர் ஊராகக் கூட்டிப் போவதில்லை. பூச்சிக்குச் சொல்ல வழியில்லை. மனுஷிக்கு வாய் இருந்தும் அடைத்து வைக்கிறார்கள்.

எழுந்து கடைக்கு முன்னால் வந்தாள். "டெனிசண்ணே, என் தேனீங்க உங்க கப்புல முழுகிச் சாவுது. டீயை கிளாஸ்ல குடுங்க."

"இன்னாம்மா காமெடி பண்ற? ஷிஃப்ட் உட்டா பஸ்சு ஹாரன் அடிச்சிகினே நிக்கும். கிளாஸ் கழுவ உன் தேனீ வருமா?"

"அப்ப மூடி போட்ட டிரம் வெக்கறேன். கப்பு அதுல உழணும்."

"எவன் போடுவான்?"

"நான் நின்னு போட வெக்கறேன்."

டிரம் முதலில் தோற்றது. கப் போட மூடியில் வெட்டிய ஓட்டை வழியாகத் தேனீயும் நுழைந்து உள்ளேயே செத்தது. பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஓட்டைக்குத் திரையாகக் கட்டினாள். கை தள்ளினால் விலகியது, தேனீ முட்டினால் அசையவில்லை.

ஷிஃப்ட் விடும்போதெல்லாம் போய் நின்றாள்.

"டேய், ராணித் தேனீ வந்துடுச்சு டோய்!" என்று ஒருவன் கத்தினான்.

"ராணி முட்டை வெக்கும்பா, நான் வேலைக்காரி. கப்ப உள்ள போடு."

செக்யூரிட்டி வந்தான். "கேட்டாண்ட நிக்கக் கூடாதும்மா."

"ரோடு உங்க கம்பெனியோடதா? எழுதிக் குடு, போறேன்." அவன் போய்விட்டான்.

காலியான இடத்தைத் தேனீக்கள் சில நாள் சுற்றி வந்தன. வெறும் வயிற்றோடு திரும்பியவை ஆடவில்லை. ஆட்டம் நின்றதும் வரத்தும் குறைந்தது. ஒரு பெட்டி அதற்குள் ஓய்ந்துவிட்டது. மிஞ்சியவற்றை அடுத்த பெட்டியோடு சேர்த்தாள். மற்றவற்றின் வாசலில், கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு தேனீக்கள் வந்து இறங்கத் தொடங்கின.

அவள் ஓயவில்லை. எல்லாத் தேனீயும் ஆட்டத்தைப் பார்த்துக் கிளம்புவதில்லை. சில எப்போதும் புது இடம் தேடித் திரியும். வளைவுக்கு அப்பால் இன்னொரு டீக்கடை, இன்னொரு குவியல்.

"அது என் மச்சான் கடை" என்றான் டெனிசன். "நான் சொன்னா கேக்கமாட்டான். நீ போய் நில்லு, பயப்படுவான்."

உமாதேவி இரண்டாவது டிரம்மை ரோட்டோரமாக உருட்டிக்கொண்டு போனாள்.