ஏணியில் பேசி முடித்த ஏழுமலை

பிற்பகல் ஷிப்டுக்கு இறங்குவதற்காகத் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் காத்திருந்தோம். கூத்தில் ராஜா வேஷம் கட்டிய ஏழுமலை அண்ணனின் ஒட்டு மீசை கழன்று மத்தளக்காரர் மடியில் விழுந்த கதையை ஒருவர் சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அண்ணனுடைய மைத்துனர் ஓடி வந்து, "மாமா போயிட்டாருப்பா" என்றார். காய்ச்சல் என்று படுத்தவர் எழவேயில்லை. சிரித்த வாயோடுதான் அந்தச் செய்தியைக் கேட்டோம். அண்ணனுக்கு அது பிடித்திருக்கும்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். ஆனால் புதிதாக வந்தவர்கள், தொழிலாளியை ஏற்றிச் செல்லும் இரும்புக் கூண்டு, அந்தக் கேஜ், ஏதோ சுரங்கத்தோடு சேர்ந்தே பிறந்தது என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பாறையில் வெடிமருந்துக்குத் துளை போடுவது எங்கள் வேலை. நான் உளியைப் பிடிப்பேன். அவர் சம்மட்டியால் அடிப்பார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் விரல்களுக்குச் சற்று மேலே அந்தச் சம்மட்டி இறங்கும். அவரோ பாடிக்கொண்டே அடிப்பார். "பாட்டு நின்னா கைய எடுத்துக்கோ தாசு" என்பார். ஒரு நாளும் என் விரலில் பட்டதில்லை.

அந்த நாட்களில் கேஜ் கல்லுக்கும் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும் மட்டும்தான். ஷிப்ட் முடிந்ததும் நாங்கள் ஈரம் சொட்டும் ஏணிகளில் ஏறித்தான் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். ஒருநாள், கல் கூடை சுமக்கும் கோவிந்தன் கை மரத்துப்போய் ஏணியிலிருந்து விழுந்தான். உயிர் பிழைத்தான், இடுப்பு போயிற்று. மறுநாள் ஷிப்ட் முடிந்தபோது அண்ணன் ஏணியடியில் உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கி நான் ஏறல. யாரு யாரு ஒக்கார்றீங்க?" என்று கேட்டார். எல்லோருமே உட்கார்ந்தோம். கூத்துப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நாங்கள் வேலை செய்த சுரங்கத் தளம், அந்த லெவல் முழுக்க முழங்கின.

கேப்டன் துரை கேஜில் இறங்கி வந்தார். சுரங்கத்தை மேற்பார்வையிட்ட அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "ஏணி ரொம்ப சுலபம்! நான் சின்ன வயசிலே ஏறினது!" என்று கத்தினார்.

அண்ணன் எழுந்து கும்பிட்டார். "அப்ப இன்னா தொரை, எங்க கூடவே ஏறி வாங்க. பேசிக்கினே போலாம்."

இத்தனை பேர் முன்னால் மறுக்க துரைக்கு மனம் வரவில்லை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறினார். அவருக்குப் பின்னால் அண்ணன், அடுத்து நான், கீழே ஷிப்ட் முழுவதும். முதல் ஏணியில் துரை பேசினார். அடுத்ததில் பேச்சு நின்றது. அதற்கும் மேலே ஒரு பலகைத் தட்டில் தொப்பென்று உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ கிளுக்கென்று சிரிக்க, அண்ணன் அதட்டினார். தன் தகரக் குவளைத் தண்ணீரைத் துரையிடம் நீட்டினார். துரை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார்.

"இன்னும் எத்தனை ஏணி?"

"பாதி கூட ஆவல தொரை."

துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி. சம்மட்டி ஆளுங்க கேஜ்லே வரலாம். கூடைக்காரன் ஏணி."

எனக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தோன்றியது. அண்ணனுக்குத் தோன்றவில்லை. துரைக்குப் பக்கத்திலேயே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். "உழுந்தவன் கூடைக்காரன் தொரை. அவங்கதான் மொதல்ல ஏறணும். நாங்க அப்புறம் வர்றோம். இல்லன்னா இங்கயே ஒக்காந்து பேசலாம், எனக்கு அவசரம் இல்ல."

துரை மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தலையாட்டினார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து கேஜ் வருமிடத்தில் காத்திருந்தோம். கல் ஏற்றிப் போன கேஜ் காலியாகத் திரும்பி வந்து நின்றது. கூடைக்காரர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஏறினார்கள். எங்கள் முறை வந்தபோதுதான் தெரிந்தது, அண்ணனுக்குக் கேஜ் என்றால் நடுக்கம் என்று! மேலே போகும்வரை கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தார். "வெளிய சொன்னா கொன்னுடுவேன் தாசு" என்றார். மன்னித்துவிடுங்கள் அண்ணா, இப்போது சொல்லிவிட்டேன்.

பிறகு துரை அவரை மேஸ்திரி ஆக்குகிறேன் என்றார். "மேஸ்திரி ஆனா இவனுங்க என் எதிர்ல சிரிக்க மாட்டானுங்க தொரை, வேணாம்" என்று சொல்லிவிட்டுச் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவரை அடக்கம் செய்த அன்று சாம்பியன் ரீப்ஸ், மைசூர் மைன்ஸ் என்ற பக்கத்துச் சுரங்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோவிந்தனை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பறையடித்தவர்களுக்குக் கை ஓயவில்லை.

எதைக் கேட்கப் போனாலும் கடைசி ஆளையும் சேர்த்துக்கொண்டு கேட்பது, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். போன வாரம் சுரங்கத்துக்குள் குடிதண்ணீர் வேண்டுமென்று துரைமார்களிடம் கேட்கப் போனோம். நான் பேசத் தொடங்கியவன் நிறுத்திவிட்டு, கூடை சுமக்கும் மாரியை முன்னால் வரச் சொன்னேன். திக்கித் திக்கியாவது மாரி கடைசிவரை பேசி முடித்தான். நேற்று முதல் எங்கள் லெவலில் தண்ணீர்ப் பீப்பாய் இருக்கிறது.