கால் இன்ச் பெரிப்பா

எங்கள் நைனாவுக்குப் பொறாமை என்பது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற காய்ச்சல். வந்தால் வீட்டில் இருக்கிற எல்லோரையும் படுக்கப் போட்டுவிடும். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, தண்டையார்ப்பேட்டையில் டயர் கடை வைத்திருந்த பாய் புதுக் கார் வாங்கியதால் அது வந்தது.

பாயும் நைனாவும் பள்ளிக்கூடத்துத் தோஸ்துகள். ஆகவே புதுக் காரைக் காட்ட அவர் நேராகத் திருவொற்றியூருக்கு, எங்கள் வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். நைனா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஏசியைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்குவதைப் பார்த்தார். எதற்கும் அசரவில்லை. கடைசியில் இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில் ஒரு நீளப் பெட்டி இருப்பதைப் பார்த்தார். மூடியைத் திறந்தால் உள்ளே சாமான் வைக்கலாம். மூடினால் மேலே முழங்கையை ஊன்றிக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில் நிற்க இரண்டு வட்டக் குழிகள் வேறு. நைனா முழங்கையை அதன்மேல் வைத்தார். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

"இதுக்கு இன்னா பேரு பாய்?"

"கன்சோல்னு சொல்றாங்க மாமு."

"நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டுட வேண்டியதுதான்."

நம்ம வண்டி என்பது கரும்பச்சை நிற அம்பாசிடர். நைனா அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டதற்கும் முந்தையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த நைனா அதை ஒரு பெரியவரிடமிருந்து வாங்கி, எங்களுக்குக்கூட வைக்காத செல்லப் பெயரெல்லாம் அதற்கு வைத்திருந்தார். அதில் கியர், ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். முதலில் இருந்த நீள பெஞ்சு சீட்டை யாரோ எடுத்துவிட்டு, வேறு ஏதோ வண்டியின் இரண்டு தனிச் சீட்டுகளை வெல்டு வைத்திருந்தார்கள். நடுவில் பத்து அங்குல இடம் சும்மா கிடந்தது.

சும்மா கிடந்தது என்று சொன்னது நைனா. அந்த இடம் என்னுடையது.

ஒரு பலகைத் துண்டு, அதன்மேல் ஒரு தலையணை, அதன்மேல் நான். ஒரு பக்கம் நைனா, மறுபக்கம் ஜன்னலோரம் அம்மா. பின்சீட்டில் என் இரண்டு அண்ணன்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டும், ஆள் கிடைத்தால் மூன்றாவது ஆளைக் கிள்ளிக்கொண்டும் வருவார்கள். நடுவில் உட்கார்ந்தால் ரோடு முழுக்க எனக்கு. எங்கள் பக்கத்தில் ரோடு என்றால் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள்தான், துறைமுகத்துக்குள் போவதற்காக மைல் கணக்கில் நிற்கும். முன்னால் நிற்கிற பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளை நான் உரக்கப் படிப்பேன். உடனே நைனா, "அதா? அத நேத்து நான்தான் தூக்கி வச்சேன்" என்பார். அடுத்த பெட்டியையும் அவர்தான் தூக்கியிருப்பார். மெட்ராஸுக்கு வருகிற எல்லாப் பெட்டியையும் ஒரு ஆள் தூக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கச் சுகமாக இருக்கும். பள்ளிக்கூடத்தைவிட அதிக இங்கிலீஷ் எழுத்துகளை நான் அந்தத் தலையணைமேல் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

"பொட்டி வெச்சா நான் எங்க குந்துறது?" என்று கேட்டேன்.

"பின்னால குந்து. நீ இன்னா கைக்கொழந்தையா?"

அதோடு என் வழக்கு தள்ளுபடி. உண்ணாவிரதம் இருந்து பார்த்தேன். அன்றைக்கென்று அம்மா நெத்திலி வறுத்ததால் அது ஒரு வேளைகூடத் தாங்கவில்லை.

பெட்டி செய்யும் வேலை பெரியப்பாவிடம் போனது. நைனாவின் அண்ணனான அவர் எங்கள் அடுத்த வாசலில் இருந்தார். எண்ணூர் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன் மேக்கர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், அந்த உருப்படியை அப்படியே மரத்தில் செய்து மணலில் அச்சு எடுப்பார்கள். அந்த மர உருவைச் செய்கிறவர் பெரியப்பா. மயிரிழை பிசகினாலும் டன் கணக்கில் இரும்பு வீணாகிவிடும் என்பதால், அளவு விஷயத்தில் அவர் சொன்னால் எங்கள் தெருவில் அப்பீல் கிடையாது. யாராவது புது வீடு கட்டினால் வாசக்கால் நிறுத்துகிற அன்று அவரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "லெப்ட்ல ஒரு நூல் எறங்கிகீது" என்பார். மேஸ்திரி மறு பேச்சுப் பேசாமல் ஆப்பு வைப்பான். பெரியப்பாவுக்கும் அந்தப் பேரில் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லாமல் இருக்குமா?

அளவெடுக்க அவர் டேப்போடு வந்தபோது நான் என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கும்மா, அளக்கணும்."

"மாட்டேன். இது என் எடம்."

பெரியப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் டேப்பை நுழைத்து, நான் உட்கார்ந்தபடியே இருக்க, அளந்து முடித்தார்.

"நைனாகிட்ட சொல்லு பெரிப்பா, வாணாம்னு. நீ சொன்னா கேப்பாரு."

"நான் மரவேலைக்காரம்மா. உங்க நைனா கேக்குறத செஞ்சி குடுக்கறதுதான் என் வேல" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்தினேன். தண்ணீர் கேட்டால் சொம்பை டொக்கென்று வைத்துவிட்டு வருவேன். அவர் அதைக் குடித்துவிட்டு, கண்டுகொள்ளாத மாதிரி வேலையைப் பார்ப்பார்.

யானைக்கவுனிப் பக்கம் மரக்கடையில் தேக்குப் பலகை வாங்கி வந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் பெரியப்பா பின்கட்டில் உட்கார்ந்து இழைப்பார். நைனா பக்கத்தில் நின்று தினமும் ஒரு யோசனை சொல்வார். சில்லறை வைக்க ஒரு சின்ன டிராயர், மூடிக்குக் கீல், பாட்டில் குழி இரண்டு என்பது மூன்று. எல்லாவற்றுக்கும் பெரியப்பா சரி என்றார். அவராகச் சேர்த்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பக்கப் பலகைகளிலும் மேலிருந்து கீழ்வரை பித்தளைப் பட்டைகளை வரிவரியாகப் பதித்தார். நைனா சொக்கிப் போனார். அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

"மாமா, சீட்டுக்கு நடுவுல எறங்கிட்டா இந்தப் பக்கத்த யாரு பாக்கப் போறாங்க?"

"சாமி பாக்கும்" என்றார் பெரியப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைப் பொருத்த நாள் குறித்தார்கள். அன்று மதியம் புழலில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண விருந்து. புதுப் பெட்டியோடு போய் இறங்கவேண்டும் என்பது நைனாவின் திட்டம். பாயை வரவழைத்திருந்தார். பாய் வந்தால் போதும், பாதித் தெருவும் வந்துவிடும். அம்மா கற்பூரம் காட்டினாள். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நைனாவும் பெரியப்பாவும் கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற மாதிரி பெட்டியை மெதுவாகத் தூக்கி வந்தார்கள். பாலிஷ் போட்ட தேக்கு வெயிலில் மின்னியது. எனக்கே அது அழகாக இருந்தது, அதனால் அழுகை வந்தது.

பெட்டி சீட்டுகளின் நடுவே இறங்கியது. கொஞ்சம் இறங்கி, அப்படியே நின்றது.

நைனா உள்ளங்கையால் தட்டினார். பிறகு முட்டியால் அழுத்தினார். பெட்டி, சீட்டுகளின் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, வரமாட்டேன் என்றது. பெரியப்பா மண்டியிட்டு டேப்பை வைத்து இடைவெளியை அளந்தார். பத்து. பெட்டியை வெளியே எடுத்து, தன் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தார். பத்து. கூட்டம் வாயைப் பிளந்தது. பாய்தான் முன்னால் வந்து ஸ்கேலையும் டேப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஸ்கேலின் பத்து, டேப்பின் பத்தைத் தாண்டி, கிட்டத்தட்டக் கால் அங்குலம் தள்ளி நின்றது.

பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்ய! பட்டற ஸ்கேலு!"

உருக்கின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மர உருவைக் கொஞ்சம் பெரிதாகவே செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, அவர்கள் ஸ்கேலிலேயே ஒவ்வொரு அங்குலத்தையும் ஒரு பொட்டு நீட்டி வைத்திருப்பார்கள். காரை டேப்பால் அளந்துவிட்டு, பலகையை அந்த ஸ்கேலால் அறுத்திருக்கிறார். பழக்கதோஷம்.

"முப்பது வருஷ சர்வீஸு!" என்று நைனா வானத்தைப் பார்த்துக் கத்தினார். "சரி, ரெண்டு பக்கமும் சீவிடுண்ணா."

"எப்டிடா சீவறது? பித்தள ஓடுது. கைய வச்சா பிச்சிகினு வந்துடும்."

"அவசரப்படாத மாமு" என்றார் பாய். "பொட்டி ஆறட்டும். ஆறுனா சுருங்கிடும்."

தெருவே சிரித்தது. முறைத்துக்கொண்டிருந்த நைனாவுக்கும் அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் எகிறிக் குதித்து, எல்லோரையும்விடச் சத்தமாக, "கால் இன்ச் பெரிப்பா! கால் இன்ச் பெரிப்பா!" என்று கத்தினேன். அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. முதலில் என் அண்ணன்கள், பிறகு தெருப் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். ஒரு மாதத்தில் அது எண்ணூர் வரை போய்த் தொழிற்சாலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. வாசக்கால் வைக்கிற வீடுகளில், "கால் இன்ச் வுட்டுட்டு சொல்லுபா" என்று கேலி செய்துவிட்டுத்தான் அவர் சொல்வதைக் கேட்டார்கள். பெட்டியை அம்மா அடுக்களைக்கு எடுத்துக்கொண்டாள். மூன்று பாட்டில் குழிகளிலும் மூன்று எண்ணெய் பாட்டில்கள் கச்சிதமாக நின்றன.

பெரியப்பா ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலைக்காரர்கள் ஒரு மண்டபத்தில் பிரியாணி போட்டார்கள். அப்போது நான் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தேன். மேடையில் பேசிய நாலு பேரும் கால் இன்ச் கதையைச் சொல்லித்தான் முடித்தார்கள். அந்தப் பெயரை வைத்தவளே நான்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் பழைய ஸ்டோர் கீப்பர்.

"நீதானா அந்தப் பொண்ணு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டற ஸ்கேலு பாக்டரி கேட்டத் தாண்டணும்னா பாஸ் ஓணும்மா. வாட்ச்மேன் சோத்துக் கூடையவே தொறந்து பாப்பான். இத்தினி வருஷத்துல உங்க பெரிப்பா அத ஒரே ஒரு தபாதான் வெளிய எட்துகினு போனாரு. பாஸு எழுதிக் குட்த்தது நான்தான். இன்னாத்துக்குன்னு ஒரு காரணம் எழுதணும் இல்ல? கேட்டேன். 'எங்க வூட்டுப் பொண்ணு குந்துறதுக்கு ஒரு எடம் செய்யணும், அதுக்கு'ன்னாரு."

எழுந்துபோய்ப் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"அந்தாளு ஒளர்றான்மா" என்றார். "கை தவறி எட்துகினு வந்துட்டேன். நீ துன்னியா?"

அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை, இன்றுவரை.

பெட்டி இறங்காத அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் அதே வண்டியில்தான் புழலுக்குப் போனோம். பெரியப்பாவும் எங்களோடு வந்தார். பின்சீட்டில் என் அண்ணன்கள் இருவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் முழங்கை இடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் என் தலையணைமேல் நான். மணலி ரோட்டில் டிரெய்லர்கள் நின்றன. நான் எழுத்துகளைப் படித்தேன். கோபம் தீராத நைனா முதல் மூன்று பெட்டிகளுக்கு வாயைத் திறக்கவில்லை. நாலாவது பெட்டிக்கு, "அது நான் தூக்குனதுதான்" என்று முனகினார்.

நான் திரும்பி, "கால் இன்ச் பெரிப்பா, உனக்குத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"முன்னால நீ குந்திகினு கீற, எனக்கு எங்கருந்து தெரியும்? நீ படிச்சிச் சொல்லு" என்று முகமெல்லாம் சிரித்தார். முப்பது வருஷம் எடுத்த பேரை ஒரே காலையில் தொலைத்துவிட்ட மனிதர், அவமானத்தை மறைக்கத்தான் இப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. போனால் போகிறது என்று அவரை மன்னித்து, என் கையிலிருந்த முறுக்கில் பாதியை உடைத்துக் கொடுத்தேன்.